கடலூர்: தன்னார்வலர் குழுவுக்கு நிதியுதவி கேட்கும் விண்ணப்பத்தில் "சமத்துவம்" பகுதியில் என்ன எழுதுவது?

கேள்வி: மாலைப்படிப்பகம்

வணக்கம். கடலூர் முதுநகருக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமத்தில் மாலை நேரப் படிப்பகம் நடத்துகிறோம். குப்பத்துப் பிள்ளைகளும் சாலைக்கு மேற்கே இருக்கும் காலனிப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பதற்காகவே இதைத் தொடங்கினோம். பாடம் சொல்லித் தருபவர்களில் கல்லூரி மாணவர்கள் உண்டு. மீன் விற்றுவிட்டு மதியம் வீடு திரும்பும் அக்காமார் இருவர், சக்கர நாற்காலியில் வரும் ஒரு தம்பி, கணக்குப் பாடம் எடுக்கும் ஒரு திருநங்கை ஆகியோரும் இருக்கிறார்கள். அவர் வராத நாளில் பிள்ளைகள் முகமே வாடிவிடும். 2024 டிசம்பரில் தென்பெண்ணை கரை மீறியபோது சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டு வடக்கே போனதும் இதே குழுதான்.

இதுவரை கைக்காசிலும் ஊரார் தரும் அரிசி, நோட்டுப் புத்தகத்திலும் ஓடியது. இப்போது ஓர் அறக்கட்டளை, தன்னார்வத் தொண்டையும் சமத்துவத்தையும் வளர்க்கும் உள்ளூர்க் குழுக்களுக்கு 1,50,000 ரூபாய் வரை தருவதாக அறிவித்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

குழப்பம் மூன்று. குழுவுக்குப் பதிவு இல்லை. வங்கிக் கணக்கு என் பெயரிலும் இன்னொருவர் பெயரிலும் இருக்கிறது. அடுத்து, பணம் வந்தால் பாடம் எடுப்பவர்களுக்கு நாளுக்கு 200 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று தம்பிகள் சொல்கிறார்கள். கொடுத்தால் அது தொண்டே இல்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இதில் இரண்டு பேர் பேச்சு வார்த்தையே இல்லாமல் இருக்கிறார்கள். மூன்றாவதாக, "உங்கள் அமைப்பின் சமத்துவக் கொள்கையை 300 சொற்களில் விவரிக்கவும்" என்று ஒரு பகுதி இருக்கிறது. "சாதி, மத, பாலின வேறுபாடு பார்ப்பதில்லை" என்று எழுதினேன். ஒரே வரியில் முடிந்துவிட்டது. மீதி 290 சொல்லுக்கு என்ன எழுதுவது?

இன்னொன்றும் உண்டு. புதுச்சேரியில் பிறந்து பாரிசில் வாழும் ஒரு பெரியவர் எங்கள் படங்களைப் பார்த்துவிட்டு 50,000 ரூபாய் அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: அலைவாய்க்கரை

தங்கைக்கு வணக்கம். 2005-இல் சுனாமி நிவாரணப் பணிக்காக இந்தக் கரையில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். தேவனாம்பட்டினம் தொடங்கிப் பரங்கிப்பேட்டை வரை எல்லாக் குப்பத்திலும் கால் வைத்திருக்கிறேன். இப்போது ஓய்வில் இருக்கிறேன். உங்கள் இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு ஒரே பதில்தான். அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் 200 ரூபாய். அலை வந்து போன நாட்களில் உடல்களைத் தூக்கியவர்களும் பொதுச் சமையல் நடத்தியவர்களும் யாரிடமும் காசு கேட்கவில்லை. பிறகு திட்டங்கள் வந்தன. ஒவ்வொரு திட்டமும் தெருவுக்கு ஒருவரைத் "தன்னார்வலர்" என்று நியமித்து மாதம் ஒரு தொகை கொடுத்தது. ஒரே தெருவில் ஒருத்திக்குக் கிடைத்தது, அடுத்த வீட்டுக்காரிக்குக் கிடைக்கவில்லை. அதுவரை இருவரும் சேர்ந்துதான் தெருக்குழாயைப் பார்த்துக்கொண்டார்கள். திட்டம் முடிந்ததும் காசு வாங்கியவள் நிறுத்தினாள். வாங்காதவள் அதற்கு முன்பே நிறுத்தியிருந்தாள். அதன்பின் அந்தக் குழாயைக் கவனிக்க ஆளில்லை. இதைப் பல ஊர்களில் பார்த்துவிட்டதால் உறுதியாகச் சொல்கிறேன்: தினமும் குறித்த நேரத்தில் ஒருவர் கட்டாயம் வர வேண்டுமென்றால் அது வேலை. வேலைக்கு நியமனக் கடிதமும் முறையான சம்பளமும் கொடுங்கள். தொண்டு என்றால் கூலி வேண்டாம். இரண்டையும் கலக்கும் 200 ரூபாய்தான் குழுவை உடைக்கும்.

ஆனால் "கொடுத்தால் தொண்டே இல்லை" என்று சொல்லும் பெரியவர்களோடும் நான் நிற்க மாட்டேன். தன் கையிலிருந்து செலவழித்துத் தொண்டு செய்ய யாரால் முடியும் என்று அவர்களைக் கேளுங்கள். மாதச் சம்பளம் வாங்குபவரால் முடியும். மாடி வீட்டுப் பிள்ளையால் முடியும். விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, கூடை காலியாகும் வரை தெருத்தெருவாக அலைந்து வரும் அக்கா, ஆட்டோவுக்கு 40 ரூபாய் கொடுத்து வந்து பாடம் எடுக்க வேண்டும் என்றால் எத்தனை நாள் வருவார்? அவர் நின்றுவிட்டால் உங்கள் குழு வசதி உள்ளவர்களின் குழுவாகிவிடும். அப்புறம் சமத்துவத்தைப் பற்றி 300 சொல் எழுதினால் என்ன, 3,000 சொல் எழுதினால் என்ன?

ஆகவே சமத்துவத்தை வரவு-செலவுத் திட்டத்தில் எழுதுங்கள். தொண்டு செய்ய வருகிற ஒருவரும் அதனால் கைக்காசை இழக்கக் கூடாது என்பது ஒரே விதியாக இருக்கட்டும். அதை வைத்துக்கொண்டு உங்கள் ஆட்களை ஒவ்வொருவராக நினைத்துப் பாருங்கள்.

போக்குவரத்தை எடுத்துக்கொள்வோம். எல்லோருக்கும் தலைக்கு இவ்வளவு என்று போடாதீர்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பிறகு திருநங்கையருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. எனவே பகலில் டிக்கெட் காசு தேவைப்படுவது உங்கள் கல்லூரித் தம்பிகளுக்குத்தான். இரவு 8 மணிக்கு வகுப்பு முடிந்த பிறகு நிலைமை வேறு. பேருந்துக்குக் காத்திருக்கும் இடம் இருட்டாக இருந்தால் பெண்களுக்கு ஆட்டோ வேண்டும், அதற்குத் தனியாக எழுதுங்கள். சக்கர நாற்காலித் தம்பிக்குச் சாய்தளம் வேண்டும். கட்டடத்துக்கு உள்ளே மட்டும் போதாது, கழிவறைக்கும் வேண்டும். கைக்குழந்தை உள்ள பெண் வருவதாக இருந்தால் அந்த ஒன்றரை மணி நேரம் குழந்தையை யார் பார்ப்பது என்று கேட்டு எழுதுங்கள். தேநீரும் சுண்டலும் செலவுதான், கூச்சப்படாமல் போடுங்கள். பசியோடு வருபவர்கள் இருக்கிறார்கள்.

காலத்தையும் பாருங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. அப்போது ஆண்கள் பலர் கரையில் இருப்பார்கள், தொண்டுக்கு ஆள் கிடைக்கும். ஆனால் கையில் காசு இருக்காது. தடைக்காலத்தில் ஆண்களைக் கூப்பிட்டு வலைப் பின்னல், நீச்சல், படகுப் பாதுகாப்பு சொல்லித் தரச் செய்யலாம். பெண்கள் மட்டுமே பிள்ளைகளோடு உட்காரும் பழக்கத்தை உடைக்க அது நல்ல வழி. அந்த 2 மாதத்துக்குச் சாப்பாட்டுச் செலவைக் கூட்டிப் போடுங்கள்.

இனி ஒரு கடினமான விஷயம். படிப்பகத்தில் பெருக்குவது யார், தேநீர் போடுவது யார், நாற்காலி தூக்குவது யார், விருந்தினர் வரும்போது மைக் பிடிப்பது யார்? ஒரு மாதத்துக்கு இதைப் பதிவேட்டில் எழுதிப் பாருங்கள். நான் பார்த்த குழுக்களில் பெரும்பாலும் பெண்கள் பெருக்கினார்கள், காலனிப் பையன்கள் நாற்காலி தூக்கினார்கள், மைக் எப்போதும் ஒரே கையில் இருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, ஆனால் அப்படித்தான் நடந்தது. வாராவாரம் பணி மாறும் அட்டவணை ஒன்று போட்டு, அதன் நகலை விண்ணப்பத்தோடு இணையுங்கள். நிதி தருபவர் எத்தனையோ கொள்கை அறிக்கைகளைப் படித்திருப்பார். மாணவன் பெருக்குவதையும் மீன்கார அக்கா கூட்டத்துக்குத் தலைமை ஏற்பதையும் தேதியோடு காட்டும் அட்டவணையை அவர் பார்த்திருக்க மாட்டார்.

இடமும் முக்கியம். கோயில் வாசலில் வகுப்பு என்றால் காலனித் தாய்மார் தூரத்திலேயே நின்றுவிடுவார்கள். புயல் பாதுகாப்பு மையமோ அரசுப் பள்ளியோ கிடைக்குமா என்று பாருங்கள்.

கடைசியாக, ஊரார் தரும் அரிசியையும் நோட்டையும் வரவாக எழுதுங்கள். நம் மாவட்டத்துக்கு இது புதிதா? வடலூரில் 1867-இல் வள்ளலார் தருமச்சாலையைத் தொடங்கியபோது நிலம் கொடுத்தவர்கள் பார்வதிபுரத்து மக்கள். சாதி கேட்காமல் சோறு போடும் அந்த அடுப்பு இன்றும் எரிகிறது. அரிசியும் காய்கறியுமாக இன்றும் ஊர்கள் கொண்டுவந்து தருகின்றன. உங்களுக்கு வரும் அரிசிக்கு ஒரு விலை போட்டு, "உள்ளூர்ப் பங்களிப்பு" என்று தனி வரியில் காட்டுங்கள். அது உங்கள் குழுவின் பலம், ஒளித்து வைக்காதீர்கள்.

பதில்: குறிஞ்சிப்பாடி_வாசுகி

அக்கா சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித் தரும் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் நான் தன்னார்வலராக இருந்தேன். மாதம் 1,000 ரூபாய் வந்தது. அந்த ஆயிரம் இல்லாவிட்டால் என் மாமியார் என்னை மாலையில் வெளியே விட்டிருக்க மாட்டார். காசு வருகிறது என்றதும் வீட்டில் அது "வேலை" ஆயிற்று, நான் போக முடிந்தது. நிறையப் பெண்களுக்கு இதுதான் நிலை. தொண்டையும் கூலியையும் கலக்கக் கூடாது என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பெண்ணின் நேரத்துக்கு வீட்டில் மதிப்பே இல்லாதபோது அந்தச் சிறு தொகைதான் வாசற்கதவைத் திறக்கிறது.

பதில்: அலைவாய்க்கரை

வாசுகி, நீங்கள் சொல்வது உண்மை. இதை நான் யோசிக்காமல் இல்லை. இல்லம் தேடிக் கல்வியில் எல்லோருக்கும் ஒரே தொகை, வேலையும் நேரமும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டவை, கொடுப்பது அரசு. அது நியாயமான ஏற்பாடு. நான் அஞ்சுவது, 1,50,000 ரூபாய் மட்டும் கையில் உள்ள சிறு குழு யாருக்குக் கொடுப்பது என்று தானே தேர்ந்தெடுக்கும் நிலையை. வீட்டில் அனுமதி கிடைக்கவே பெண்களுக்குத் தொகை தேவை என்றால், கொடுப்பது எல்லோருக்கும் சமமாக இருக்கட்டும், எத்தனை மாதத்துக்கு என்பதை முதல் நாளே சொல்லிவிடட்டும். விண்ணப்பத்தில் உங்கள் காரணத்தையே எழுதலாம். "வாசற்கதவைத் திறக்கிறது" என்றீர்களே, அதை எந்தக் கொள்கை அறிக்கையிலும் நான் படித்ததில்லை.

பதில்: மஞ்சக்குப்பம் கணக்கர்

பதிவு பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றதை அம்மா சொல்லிவிட்டார்கள்.

சகோதரி, தனிப்பெயர்க் கணக்கில் நிதியுதவியை வாங்காதீர்கள். உங்கள் வருமானம் என்றே அது கருதப்படலாம், வருமானவரி அலுவலகத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். சங்கமாகப் பதிவு செய்வதென்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி குறைந்தது 7 பேர் வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. அறக்கட்டளை என்றால் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம், குறைவான ஆட்கள் போதும். உங்கள் குழுவுக்குச் சங்கம்தான் பொருந்தும் என்பது என் கருத்து. சங்கத்தில் பொதுக்குழு உண்டு, தேர்தல் உண்டு, நிர்வாகிகளை மாற்றலாம். சமத்துவம் பேசும் குழுவில் ஆயுள்கால அறங்காவலர்கள் எதற்கு?

மாதக் கடைசிக்குள் அவசரமாகப் பதிவு செய்ய ஓடாதீர்கள். அதற்குப் பதில், நீங்கள் நம்பும் பதிவு பெற்ற உள்ளூர் அமைப்பு ஒன்றின் பெயரில் பணத்தை வாங்கி, உங்களுக்காகத் தனிக் கணக்கு வைக்கச் சொல்லுங்கள். நிதி தரும் அறக்கட்டளை இதை ஏற்குமா என்று முதலில் எழுதிக் கேளுங்கள். யார் கையெழுத்திடுவது, பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் யார் தருவது, மீதிப்பணம் யாருக்கு என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.

ஆனால் பதிவைத் தள்ளிப் போடவும் வேண்டாம். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதியை நாளை கேட்க நினைத்தால், அதைப் பெறும் அமைப்புக்கு 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர்-1 பதிவு கட்டாயம். நிறுவனம் தானே தொடங்காத வெளி அமைப்பு என்றால் 12ஏ (அமைப்புக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை) என்று எல்லோரும் அழைக்கும் வருமானவரிப் பதிவுகளும் 3 ஆண்டுப் பணி அனுபவமும் கேட்பார்கள். நெய்வேலியும் சிப்காட்டும் பக்கத்திலேயே இருக்கும் மாவட்டத்தில் வாழ்கிறோம், அந்த வாய்ப்பை விட வேண்டாம். அந்த நிதியை எதற்கெல்லாம் செலவிடலாம் என்று பட்டியலிடும் கம்பெனிச் சட்டத்தின் 7-ஆம் அட்டவணையில் தன்னார்வத் தொண்டு என்று தனித் தலைப்பு இல்லை. பாலின சமத்துவம், பின்தங்கிய பிரிவினர் சந்திக்கும் ஏற்றத்தாழ்வைக் குறைத்தல், கல்வி ஆகியவை இருக்கின்றன. விண்ணப்பத்தை அந்தத் தலைப்புகளின் கீழ் அமைக்க வேண்டும்.

கட்டடமோ சாய்தளமோ கட்டுவதற்கு, அரசும் மக்களும் செலவைப் பகிரும் நமக்கு நாமே திட்டத்தையும் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு பொதுமக்கள் தர வேண்டும், ஆதிதிராவிடர் குடியிருப்பு என்றால் ஐந்தில் ஒரு பங்கு போதும். மாத நடைமுறைச் செலவுக்கு அது உதவாது.

யாரும் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, ஊதியம் இல்லாமல் தன்னார்வமாக வேலை செய்பவரையும் பணியாளர் என்றே சொல்கிறது. சங்கமும் அறக்கட்டளையும் பணியிடங்கள்தான். 10 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் உள்ளகப் புகார்க் குழு அமைக்க வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், பாதி உறுப்பினர்களாவது பெண்களாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் வேண்டும். 10 பேருக்குக் குறைவு என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம். இரவு வகுப்பு நடத்தும் குழு இதைச் செய்துவிட்டு விண்ணப்பத்தில் எழுதினால் உங்கள் 300 சொல்லில் 50 சொல் இங்கேயே கிடைத்துவிடும்.

செலவுக்கான வவுச்சரை அன்றன்றே எழுதுங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

பதில்: முத்தியால்பேட்டை

பாரிஸ் பெரியவர் விஷயத்தில் புதுச்சேரிக்காரன் சொல்ல வேண்டியது இது. முதலில் அவர் கையில் இருப்பது எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று கேளுங்கள். எங்கள் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் ஏராளம். தமிழ் பேசுவார், மாசிமகத்துக்கு ஊருக்கு வருவார், ஆனால் சட்டப்படி வெளிநாட்டவர். அவர் தருவது வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2010-இன் கீழ் வரும். பதிவோ முன் அனுமதியோ இல்லாத குழு அதில் 1 ரூபாய் கூட வாங்கக் கூடாது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்து, தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது.

அந்தப் பதிவு பெற்ற அமைப்பு ஒன்று வாங்கி உங்களுக்குக் கொடுக்கட்டும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படி இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. பெரியவர் மனம் நோகாமல் சொல்லுங்கள். ஊருக்கு வரும்போது பிள்ளைகளுக்கு நேரில் வந்து பிரெஞ்சு சொல்லித் தரட்டும். அதற்கு இந்தச் சட்டத்தின் அனுமதி தேவையில்லை.

எங்கள் ஊரில் யாராவது இதைப் படித்தால், சங்கப் பதிவுக்கு மேலே கணக்கர் ஐயா சொன்ன 1975 சட்டம் புதுச்சேரிக்குப் பொருந்தாது. இங்கே 1860-ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

மாலைப்படிப்பகம்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு கூட்டத்தில் இவற்றை அப்படியே வாசித்துக் காட்டினேன். வாசுகி அக்கா எழுதியதைக் கேட்டுவிட்டு, மீன்கார அக்கா ஒருவர் தன் வீட்டிலும் அதுதான் நிலைமை என்றார். இத்தனை நாள் சொல்லவே இல்லை. பேசாமலிருந்த இரண்டு பேரும் அதற்குப் பிறகு பேசத் தொடங்கிவிட்டார்கள், சண்டையாகத்தான். ஆனால் இப்போது சண்டை 200 ரூபாயைப் பற்றி இல்லை. எல்லோருக்கும் சமமாக எவ்வளவு என்பதைப் பற்றி.

பணி அட்டவணை போட்டுவிட்டோம். புயல் பாதுகாப்பு மையத்தைக் கேட்டு மனு கொடுக்கப் போகிறோம். பாரிஸ் ஐயா பிரெஞ்சுக் கடவுச்சீட்டுதான் வைத்திருக்கிறார், அதனால் பணம் வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

ஒரே சந்தேகம். இரவு ஆட்டோ செலவுக்கு ரசீது கிடைக்காது. அதை எப்படிக் காட்டுவது?

பதில்: மஞ்சக்குப்பம் கணக்கர்

பயணப் பதிவேடு ஒன்று போடுங்கள். தேதி, எங்கிருந்து எங்கே, எத்தனை பேர், தொகை, பயணம் செய்தவர் கையெழுத்து, ஓட்டுநர் கையெழுத்து. ஒரே ஆட்டோக்காரரிடம் மாத வாடகை பேசிக்கொண்டால் இன்னும் நல்லது. அவர் ஒரு தாளில் தொகை எழுதிக் கையெழுத்திட்டால் போதும், முடிந்தால் அவருக்குப் பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். இப்படித்தான் காட்டப் போகிறோம் என்று விண்ணப்பத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். பின்னால் தணிக்கையில் கேள்வி வராது.

பதில்: அலைவாய்க்கரை

அனுப்பும் முன் வரவு-செலவுப் பக்கத்தை மட்டும் இங்கே இடு தங்கை, ஊர்ப் பெயரையும் ஆட்கள் பெயரையும் எடுத்துவிட்டு. தடைக்காலத்துச் சாப்பாட்டுக்கு நீ குறைவாகத்தான் போட்டிருப்பாய், அதைப் பார்க்க வேண்டும்.